சட்டை என்றால் சட்டை என்று கேட்க வேண்டும்

மைக் செட் தொழிலில் இருக்கும் எங்கள் பகுதிக்காரர்கள் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டார். ஒரு கல்யாண மண்டபத்தில் புதிதாக வந்து இறங்கிய லைன் அரே என்கிற ஸ்பீக்கர் அடுக்கு, சங்கிலியில் வாழைத்தார் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இன்னொருவர், "வசந்தாக்கா, நீங்க கையாலயே ஒண்ணு செஞ்சீங்களாமே, எத்தனை இஞ்ச் ஸ்பீக்கரு, எத்தனை ஓமு? டீட்டெய்லு போடுங்க" என்று எழுதியிருந்தார்.

இஞ்சையும் ஓமையும் இரண்டு வரியில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்ய எங்களுக்கு ஏன் ஏழு மாதம் ஆனது என்பது இரண்டு வரியில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதலில் பீங்கான் வேலைக்காரி. விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகாத குடும்பம் எங்கள் தெருவில் கிடையாது. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றி, சுவர் கட்டியதும் மிச்சத்தைக் கவிழ்த்து, காய்ந்த கோப்பையின் விளிம்பைச் சீவிச் சரிசெய்வது என் வேலை. நான் இருந்த கம்பெனியை மூடிய இரண்டாவது மாதம், பாலக்கரை பக்கம் ஒரு கடையில் அட்டை தொங்கியது: 'கை நடுங்காத ஆள் தேவை.' ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. உள்ளே போனேன்.

கடைக்காரர் காதர் பாய். மங்கலம்பேட்டைக்காரர். பத்து வருடம் வளைகுடாவில் பெரிய பெரிய மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு வந்தவர். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தலைமுடி அளவு செம்புக் கம்பியையும் ஒரு காகிதக் குழலையும் கொடுத்து, "நூறு சுத்து சுத்தும்மா. ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது" என்றார். சுற்றிக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடு" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. காயில் சுற்றப் போனவள், பிறகு ஒயரிங், பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு மிக்ஸர் என்று இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

பாய் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஊருக்கே சத்தம் வாடகைக்கு விடுகிறவர் பேசுவதைப் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். ஒரு பெட்டியைச் சோதித்துவிட்டு 'கேக்குது' என்பார், அல்லது 'புரியுது' என்பார். 'கேக்குது' என்றால் மறுபடியும் திருப்புளியை எடுக்க வேண்டியதுதான். 'புரியுது' என்றால் அன்றைக்கு அவர் கணக்கில் மசால் வடை.

எங்கள் கடையின் மிகப் பழைய வேலை, மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் அறிவிப்பு மைக் கட்டுவது. ஒரு வருடம் அதில்தான் மாட்டினோம். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு பெண், மறதி நோய் உள்ள தன் அப்பாவைக் கூட்டத்தில் தவறவிட்டார். யாரோ அவரைக் கண்டு எங்கள் மைக் பந்தலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். நாங்களும் பேரைச் சொல்லிச் சொல்லி அறிவித்தோம். மகள் முந்நூறு அடி தூரத்தில்தான் அழுதபடி தேடிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கழித்துத் தற்செயலாகப் பந்தல் பக்கம் வந்தபோதுதான் அப்பாவைப் பார்த்தார்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஊரே அதிர்ற மாதிரி கத்துனீங்க. ஒரு வார்த்தை புரியலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். ஆற்று மணலில் எட்டு இடத்தில் எட்டுப் பெட்டி வைத்திருந்தோம். நடுவில் நிற்கிறவருக்கு ஒரே வார்த்தை எட்டுத் திசையிலிருந்து கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே வந்து விழும். ஒன்றின் வாலை இன்னொன்றின் தலை மிதித்துவிடும். சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

அடுத்த வருடத்துக்குத் திருவிழாக் கமிட்டியே சொல்லிவிட்டது: கடலூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி லைன் அரே கொண்டுவரத் தயாராக இருக்கிறது, இரண்டு பேரும் மகத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆற்றில் கட்டிக் காட்டுங்கள், எது புரிகிறதோ அதற்கே வேலை. அன்று மாலை பாய் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பழைய காலண்டரின் பின்பக்கம் ஒரு நெடுங்கோடு போட்டு, அதில் வரிசையாகப் பதினாறு வட்டம் வரைந்தார்.

"அத வெல குடுத்து வாங்க நமக்கு வக்கு இல்ல. செஞ்சுடலாமா?"

"செஞ்சுடலாங்க பாய்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

சங்கதி சிக்கலில்லை. ஒற்றை ஸ்பீக்கர், ஒலியை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாப் பக்கமும் இறைத்துவிடும். வானத்துக்கும் தரைக்கும் போவது வீண். சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை இடைவெளி விடாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலும் கீழும் சிதறுவது குறைந்து, ஒலி தோசை மாதிரி தட்டையாகப் பரவும். பக்கத்தில் நிற்கிறவன் காதைக் கிழிக்காமல் தூரத்தில் நிற்கிறவனைப் போய்ச் சேரும். ஆற்றின் நடுவில் எட்டுப் பெட்டிக்குப் பதில், பந்தலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண் போதும்.

ஸ்பீக்கருக்குச் சென்னை போனோம். டிவிக்காகச் செய்து விலைபோகாமல் கிடந்த நாலு இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு மூட்டை, நாற்பது உருப்படி, நிறுத்துக் கொடுக்காத குறையாகக் கொடுத்தார்கள். தூணுக்குப் பதினாறு வீதம் முப்பத்திரண்டு தேவை. கடைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பாட வைத்துப் பார்த்ததில் இருபத்தேழுதான் தேறியது. பதிமூன்று கரகரத்தன. அவற்றைப் பிரித்து, காயிலைப் புதிதாகச் சுற்றி, காகிதக் கோனை ஒட்டி, ஐந்தைத் தேற்றினேன். முப்பத்திரண்டும் சேர்ந்த அன்று பாய் கணக்கில் இரண்டு மசால் வடை வந்தது.

ஒயரிங்கில் ஒரு விஷயம், குழுவில் கேட்டவர் குறித்துக்கொள்ளட்டும். நாலு ஸ்பீக்கரை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரு கொத்து, அப்படி நாலு கொத்தைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால், பதினாறு எட்டு ஓம் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரே எட்டு ஓமாகத் தெரியும். ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் முனையிலும் குறிப்படி பிளஸுக்குப் பிளஸ் வைத்து ஒரு டார்ச் பாட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கோன் முன்னால் துள்ளினால் பாட்டரியின் பிளஸ் இருக்கும் முனைதான் பிளஸ். பின்னால் போனால் குறியீடே தப்பு. எங்கள் மூட்டையில் மூன்று ஸ்பீக்கருக்குக் கம்பெனியிலேயே குறியை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒன்றை நான் கவனிக்காமல் மாட்டிவிட்டேன். மற்ற பதினைந்து பேரும் தள்ளும்போது அது ஒன்று மட்டும் இழுக்கும். தூண் முழுக்கக் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. கண்டுபிடிக்க ஒரு பகல் போனது.

நாலு இஞ்ச் ஸ்பீக்கர் சன்னமான ஒலிகளைச் சரியாகச் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர் வரிசை வேண்டும், ஒவ்வொரு ட்வீட்டருக்கும் முன்னால் புனல் மாதிரி ஒரு வாய் வேண்டும். அலுமினியத்தில் வாங்கினால் எங்கள் பட்ஜெட் அதோடு முடிந்தது. அங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது.

"பாய், பீங்கான்ல ஊத்திடலாங்க."

"பீங்கான்லயா?"

"கப்பு ஊத்தலாம், கக்கூஸு ஊத்தலாம், இது ஊத்த முடியாதா?"

பாய் தச்சரிடம் சரியான அளவில் ஒரு மர மாதிரி செய்து வாங்கி வந்திருந்தார். நான் திருப்பி அனுப்பினேன். களிமண் காய்ந்து சூளையில் வேகும்போது சுருங்கும். எங்கள் மண் பத்துக்கு ஒன்று சுருங்கும். பத்து இஞ்சுக்கு ஊற்றினால் ஒன்பதுதான் கையில் வரும். பாய் நம்பாமல் இரண்டு அளவிலும் செய்ய வைத்தார். சூளை வைத்திருக்கும் ராஜேந்திரன், பொம்மைகளுக்கு நடுவே ஒரு மூலையில் எங்கள் சாமானுக்கு இடம் கொடுத்தார். வெந்து வந்ததும், பாய் அளவில் ஊற்றியதற்குள் ட்வீட்டர் நுழையவில்லை. என் அளவில் ஊற்றியது கச்சிதமாக உட்கார்ந்தது. பாய் சின்னதை எடுத்து ஸ்பூனால் தட்டினார். டிங் என்று நீளமாகப் பாடியது.

"டீ குடிக்கலாம். பேச முடியாதும்மா" என்றார்.

அதுவும் நியாயம்தான். பேச்சோடு சேர்ந்து பீங்கானும் மணியடித்தால் கெட்டது. காருக்கு அடியில் துரு பிடிக்காமல் பூசுகிற தாரை வாங்கி வந்து பின்பக்கம் கனமாகப் பூசினேன். தட்டினால் 'டக்' என்றது. ராஜேந்திரன் மட்டும், பளபளவென்று வெள்ளையாக வந்ததை இப்படி அசிங்கப்படுத்திவிட்டேனே என்று வெகுநாள் வருத்தப்பட்டார்.

இனிச் சோதனை. பாயின் சோதனை முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஐம்பது வார்த்தை கொண்ட ஒரு பட்டியல். சட்டை, கட்டை, பட்டை, தட்டை, மட்டை. பல்லு, கல்லு, நெல்லு. எல்லாம் ஒன்றுபோல ஒலிப்பவை, ஒரே ஒரு எழுத்து மாறுபவை. வாரம் ஒரு காலை, காற்று கிளம்பும் முன் ஆற்றுக்குப் போவோம். நான் மைக்கில் வரிசையை மாற்றி மாற்றி வாசிப்பேன். அவர் முந்நூறு அடி தள்ளி மணலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதில் விழுவதை நோட்டில் எழுதுவார். பிறகு இரண்டு நோட்டையும் வைத்துத் திருத்துவோம்.

முதல் வாரம் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. "கேக்குது" என்றார்.

தூணைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தோம். முப்பத்து நாலு. ட்வீட்டரை நெருக்கி வைத்தோம். முப்பத்து மூன்று. பெட்டிக்குள் பஞ்சு திணித்தோம், பஞ்சை எடுத்தோம், பலகைக்கு முட்டுக் கொடுத்தோம். முப்பத்து நாலைத் தாண்டவில்லை. இரண்டு மாதம் போனது. எனக்குப் பெட்டிமேல் வெறுப்பே வந்துவிட்டது. வீட்டில் கூப்பிட்டால்கூட 'சட்டையா, கட்டையா' என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் பாய் உறவுக்காரர் நிக்காஹுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா, "நான் வந்து எழுதறேன் வசந்தா. அப்பிடி என்னதான் ஆத்துல பண்றீங்கன்னு பாக்கறேன்" என்று கூட வந்தார். ஐம்பதும் வாசித்தேன். திருத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.

அக்கா முன்னாடியே பட்டியலைப் பார்த்திருப்பாரோ என்று நினைத்தேன். மறுநாள் ராஜேந்திரனைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நாற்பத்தொன்பது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயின் நோட்டுகளை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தேன். மட்டையை அவர் ஒருமுறைகூடத் தப்பாக எழுதவில்லை. நெல்லும் தப்பவில்லை. சட்டை வந்த இடத்தில் தட்டை என்றிருந்தது. பட்டைக்குக் கட்டை. எல்லா வாரமும் அதே இடத்தில் அதே தப்பு. ஐந்து வருடம் முந்தைய ஒரு நோட்டும் இருந்தது. அதில் அதே வார்த்தைகள், எங்கள் பழைய ஓட்டைப் பெட்டியில் வாசித்தவை, எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தன.

பெட்டியில் குறை இல்லை. பாயின் காது போய்க்கொண்டிருந்தது.

காதை வைத்துப் பிழைக்கிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? நாலு நாள் யோசித்தேன். சொல்லாமலே இருந்துவிடலாம், பெட்டி சரிதான் என்று நானே முடிவுகட்டிக் கமிட்டியிடம் கொண்டு போகலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் மறு வாரமும் அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பதைப் பின்னாலிருந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடையில் யாரும் இல்லாத நேரம் டீ வாங்கி வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"பாய், பொட்டி சரியாத்தான் இருக்குதுங்க."

"முப்பத்து நாலு சரியா?"

நோட்டுகளை அவர் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மும்தாஜ் அக்காவின் பக்கத்துக்கு வந்ததும் நின்றார்.

"இவளுக்கு நாப்பத்தெட்டா?"

"ஆமாங்க பாய்."

"நான் கூப்புட்டா இவளுக்குக் காதே கேக்காதேம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். ஆனால் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். இரண்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. பெட்டிக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நீளமான இரண்டு நாள் என் வேலைக்காலத்தில் வேறு இல்லை.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு வந்தார். கையில் டாக்டர் சீட்டு.

"சன்னமான சத்தமெல்லாம் எனக்குப் போயிடுச்சாம். காதுக்கு மெஷினு வெச்சுக்கச் சொல்றாங்க. வெச்சுக்கறேன். ஆனா மகம் முடிஞ்சு."

"ஏங்க பாய், இப்பவே வெச்சுக்கினா என்ன?"

"மகத்துக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேரு என் வயசு. அவங்கல்லாம் மெஷினு வெச்சுக்கினா வரப்போறாங்க? மும்தாஜுக்குப் புரியற பொட்டி யாரு வேணா செய்வாங்க. என் காதுக்குப் புரியற மாதிரி செய்யி. இதைவிட நல்ல மீட்டரு உனக்கு எங்கம்மா கெடைக்கும்?"

இது அவர் அந்த இரண்டு நாளில் தேடிப் பிடித்த சமாதானமா, உண்மையிலேயே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமாதானமாகவே இருந்தாலும் சரியான யோசனை. அந்தச் சேத்தியாத்தோப்புப் பெரியவர் மாதிரி எத்தனை பேர் அந்த மணலில் நிற்பார்கள்.

அன்றிலிருந்து வேலையின் திசையே மாறியது. பெட்டியை இன்னும் சத்தமாக்குவதை விட்டோம். அடிக்குரலின் முழக்கத்தை வெட்டினோம். மெய்யெழுத்து பிறக்கிற சன்னமான பகுதியை மட்டும் தூக்கினோம். இளங்காதுக்குக் கொஞ்சம் கூர்மையாகத்தான் இருந்தது, பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். என் வாசிப்பையும் பாய் மாற்றினார். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு விட வேண்டும், கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது, ஒவ்வொரு அறிவிப்பையும் மூன்று முறை சொல்ல வேண்டும், மூன்று முறையும் ஒரே சொற்களில். முப்பத்தெட்டு வந்தது. நாற்பத்தொன்று வந்தது. கடைசியில் நாற்பத்து மூன்று. மீதி ஏழு அவருக்கு வரவே இல்லை.

"போதும். புரியுது" என்றார்.

கமிட்டிக்குக் கட்டிக்காட்டிய நாளில் கடலூர்க்காரர்கள் முதலில் பாட்டுப் போட்டார்கள். நெஞ்சுக்குள் தவில் வாசித்த மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் தூணில் அந்தப் பாட்டைப் போட்டிருந்தால் தகர டப்பா மாதிரிதான் கேட்டிருக்கும். நான் பாட்டே போடவில்லை. காணாமல் போனவர் அறிவிப்பு ஒன்றை வாசித்தேன். கமிட்டிச் செயலாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றின் அந்தக் கரைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு அவங்க போடட்டும். பேச்சு நீங்க பேசுங்க" என்றார்.

கடலூர் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மரியாதையானவர். தூணைச் சுற்றிச் சுற்றி வந்து பீங்கான் வாயைத் தொட்டுப் பார்த்தார். "அக்கா, இது டைல்ஸுங்களா?" என்று கேட்டார். பாய், "அதுல டீயும் குடிக்கலாம் தம்பி" என்றார்.

மகத்தன்று பாய் எங்கே இருந்தார் என்றால், அக்கரையில், வளையல் கடைகளுக்குப் பக்கத்தில், அதே ஸ்டூலில். மெஷின் இல்லாமல். அவர் காதில் ஏதாவது புரியாவிட்டால் எனக்குப் போன் செய்வார் என்று ஏற்பாடு. காலையிலிருந்து ஒரு போனும் வரவில்லை. எல்லாம் புரிகிறதா, அல்லது ஒன்றுமே கேட்கவில்லையா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு முன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பதறிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். ஊர் ஸ்ரீமுஷ்ணம். அம்மாவைக் காணோமாம். விவரம் எழுதிக்கொண்டு, மூச்சு விட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். "ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருக்கும் கோமதி அம்மாள். வயது எழுபத்தைந்து. அரக்கு நிறப் புடவை. உங்கள் மகன் மைக் பந்தலில் காத்திருக்கிறார்."

இரண்டாம் முறை சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் முறை 'வயது' என்று ஆரம்பிக்கும்போதே, அக்கரையிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு அரக்கு நிறப் புடவை வேகமாக வந்தது. இரண்டு கை நிறையப் புது வளையல்.

"யாரும்மா சொன்னது எழுவத்தஞ்சுன்னு?"

மகன் மெல்ல என் நாற்காலிக்குப் பின்னால் போனார்.

"எனக்கு அறுவத்தெட்டு. நான் ஒண்ணும் தொலைஞ்சு போவல, வளையலு வாங்கிட்டு இருந்தேன். அந்தக் கடைக்காரரு என் மொகத்தையே பாத்துட்டு, 'எழுவத்தஞ்சாம்மா ஒங்களுக்கு?'ங்கறாரு. ஆத்துல இருக்கற அத்தினி பேருக்கும் கேட்டுடுச்சு. திருத்திச் சொல்லு!"

மைக்கை எடுத்தேன். "ஒரு திருத்தம். கோமதி அம்மாளின் வயது அறுபத்தெட்டு." முதலில் பந்தலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு நடு ஆற்றில் சிரித்தார்கள். கடைசியாக அக்கரையில் சிரிப்பு எழுந்தது. அத்தனை பேருக்கும் அந்த ஒரு எண் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

போன் அடித்தது. பாய். அன்றைக்கு அவர் செய்த முதல் போன்.

"வசந்தா, அந்தம்மா என் பக்கத்துலருந்துதான் எழுந்து ஓடுனாங்க. அறுவத்தெட்டுன்னா யாரு நம்புவாங்க? அறுபதுன்னே போட்டிருக்கலாம்னு சொல்லு."

சொன்னேன். கோமதி அம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் பக்கத்து நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார்.

"அதையும் மைக்குல சொல்லேன்" என்றார்.